தாய்மாமன் மடி

பெட்ரோல் பங்க் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்ததுமே விருமாயிக்குச் சந்தோஷம் பொங்கியது. வருகிறான். அண்ணன் தவமணி வருகிறான். தட்டுத் தட்டாகச் சீரைத் தூக்கிக்கொண்டு, முன்னால் நாலு கொட்டு, பின்னால் வெடி, நடுவில் பட்டுச்சட்டையும் புலிநகச் சங்கிலியுமாக. வரட்டும். நன்றாக ஊர்பார்க்க வரட்டும். மண்டபத்து மேடை ஓரத்தில் சின்ன மகள் நேத்ராவின் கையை இறுக்கிப் பிடித்தபடி அவள் நின்றிருந்தாள். பிள்ளைக்குக் காதுகுத்து. காதுகுத்து என்றால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். அந்த மடிக்காகத்தான் இத்தனை கொட்டும் வெடியும். அதோ மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான் போதுராசா, பெரியப்பா மகன், செங்கல் காளவாசலில் லோடு ஏற்றுகிறவன். அவன் ஏன் மணையை விட்டு எழுந்திருக்காமல் இருக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. காலில் ஆணி, நிற்க முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டார்கள். விஷயம் அவனுக்கும் விருமாயிக்கும் மட்டும்தான் தெரியும். சீர்த்தட்டெல்லாம் உள்ளே வந்து, அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டு மணையை நோக்கி வரும்போது, அவள் பிள்ளையைத் தூக்கிப் போதுராசா மடியில் வைக்கப் போகிறாள். ஒரு வார்த்தை பேசப் போவதில்லை. ஆசாரி ஊசியை எடுப்பார். ஊரே பார்க்கும். கூடப் பிறந்தவன் தட்டோடு நிற்பான், பங்காளி மடியில் பிள்ளை இருக்கும். அப்போது அவன் முகம் எப்படிப் போகும் என்பதைப் பார்ப்பதற்காகத்தான் இந்த வருஷம் முழுக்க அவள் சாப்பிட்ட சோறு செரித்தது.

ஸ்பீக்கரில் பெரிய மகளின் குரல் வந்துகொண்டே இருந்தது. செல்லம்பட்டி கருத்தக்கண்ணு இருநூறு ரூபாய், கட்டக்கருப்பன்பட்டி ராசம்மாள் ஐநூறு ரூபாய், என்று மொய் செய்கிறவர்கள் பேரை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள் சுகப்பிரியா. குரல் நல்ல குரல். ‘ச’ வரும் இடத்தில் மட்டும் லேசாகக் காற்றுப் போகும். தெரியாதவர்கள் மைக் கோளாறு என்று நினைப்பார்கள். மைக்செட்காரன் தான் படிக்கிறேன் என்றபோது இவளாகத்தான் வாங்கிக்கொண்டாள். விருமாயிக்கு ஏன் என்று தெரியும். மைக் வாயை மறைக்கும். கல்யாணம், காட்சி, எங்கே போனாலும் இடது கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டே நிற்கிற பிள்ளை. இன்றைக்கு ஒரு நாள் அந்தக் கைக்கு ஓய்வு. இந்த விசேஷமே அவள் வாய்க்காகத்தான், அது யாருக்கும் தெரியாது. பணமுடை வந்தால் வீட்டில் ஒரு விசேஷத்தை வைத்து மொய் வாங்குவது இந்தப் பக்கத்தில் புதிதில்லை. ஒருத்தர் மோட்டார் வாங்குவார், ஒருத்தர் கடனை அடைப்பார், யாரும் எதற்கென்று கேட்பதில்லை. ஆனால் விசேஷம் வைக்க ஒரு சாக்கு வேண்டுமே. நேத்ராவுக்குக் கைப்பிள்ளையாக இருக்கும்போதே நகைக்கடையில் காதைக் குத்தித் தோடு போட்டாயிற்று. அதைக் கழற்றிவிட்டு, ஓட்டை தூரட்டும் தூரட்டும் என்று தினமும் காதைத் திருகித் திருகிப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூளிக்காது என்று கேலி செய்து அது அழுது, கடைசியில் தூர்ந்தே போயிற்று. காலையில் ஆசாரி அந்தக் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விருமாயியைப் பார்த்தார். விருமாயி விட்டத்தைப் பார்த்தாள். அவர் நல்ல மனுஷன், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பிள்ளையின் காதை மூடி இன்னொரு பிள்ளையின் வாயை அடைக்க வேண்டியிருக்கிறதே என்று அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த இடத்திலேயே அண்ணன் ஞாபகமும் வந்தது. அவன் ஞாபகம் வராத இடம் உடம்பில் எங்கேயும் இல்லை.

அடிபம்பு. எதை நினைத்தாலும் கடைசியில் அந்த அடிபம்பில் போய்த்தான் முட்டும். அண்ணன் வீட்டுக் கொல்லை, பொங்கல் லீவு. அண்ணன் மகன் கௌதம் ஒரே மூச்சில் குடத்தை நிரப்பிக் காட்டுகிறேன் என்று பந்தயம் போட்டுத் தொங்கித் தொங்கி அடிக்கிறான். தண்ணீர் வரவில்லை, கொர்கொர் என்று காற்றுத்தான் வருகிறது. சுகா சிரித்தாள். அப்போது மூன்றாவதோ நாலாவதோ படித்தாள். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக. பையனுக்கு ரோஷம். கைப்பிடியை அடிவரைக்கும் அமுக்கி, அவள் முகம் கைப்பிடிக்கு நேர் மேலே வரும் நேரம் பார்த்து விட்டுவிட்டான். வேண்டுமென்றே விட்டான். விருமாயி அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தாள், அவன் கண்ணைப் பார்த்தாள், கை தவறவில்லை. இரும்பு பல்லில் படுகிற சத்தம் இருக்கிறதே, அது ஒன்றும் பெரிய சத்தமில்லை. ‘டக்’ என்று. அவ்வளவுதான். முன்பல் இரண்டும் வேரோடு வந்து பாசியில் கிடந்தன. மதினி அமராவதி ஓடி வந்தாள். பிள்ளையின் வாயில் துணியை அமுக்கிவிட்டு, அந்த இரண்டு பல்லையும் பொறுக்கி, மாட்டுச் சாணத்தில் பொதிந்து உருட்டி, ஓட்டுக்கூரை மேல் வீசினாள். “பால்பல்லு தானத்தா, முளைச்சிரும், இதுக்குப் போயி இப்புடி அழுகிற.” பால்பல் இல்லை. பால்பல் விழுந்து முளைத்து, அகலமாக, ரம்பம் மாதிரி ஓரத்தோடு இருந்த புதுப்பல். மதினிக்குத் தெரியாதா, இரண்டு பெற்றவளுக்கு? விருமாயிக்கே தெரியாமல் போயிற்றே. மதுரையில் பல் டாக்டரம்மா இப்போது சொல்கிறது: “அப்பவே அந்தப் பல்லைப் பால்ல போட்டு எடுத்துட்டு ஓடி வந்திருந்தா, திருப்பி வச்சிருக்கலாம்மா.” பாலில். அன்றைக்கு அந்த வீட்டில் பாலுக்கா பஞ்சம்? பொங்கல் அன்றைக்கு, இரண்டு கறவை நிற்கிற வீட்டில், அண்டாவில் பால் காய்ந்துகொண்டிருந்த அடுப்பிலிருந்து கையெட்டும் தூரம். பாலில் போட வேண்டிய பல்லைச் சாணியில் போட்டோம். இப்போது எலும்பே கரைந்துவிட்டதாம். எலும்புத்தூள் வைத்து, அது கூடின பிறகு திருகாணி மாதிரி ஒன்றை இறக்கி, அதன் மேல் பல்லாம். டாக்டரம்மா தொகையைச் சொன்னபோது சுகா கையால் வாயை மூடிக்கொண்டு, “வாம்மா போகலாம்,” என்று எழுந்துவிட்டாள்.

அதோடு போயிருந்தால்கூட மன்னித்திருக்கலாம். பையன்தானே, கோபத்தில் செய்தான் என்று விட்டிருக்கலாம். அன்றைக்கு அண்ணன் வாழையிலை முன்னால் உட்கார்ந்து, ரத்தத் துணியோடு நிற்கிற பிள்ளையைப் பார்த்துச் சொன்னான்: “ஏத்தா விருமா, எதுக்கு இப்ப மூக்கைச் சிந்துற? ஒடைச்சவனே கட்டிக்கிட்டுப் போறான். அவனுக்கு இல்லாத முறையா?” வீடே சிரித்தது. விருமாயியும் சிரித்தாள். எல்லாரையும்விட அதிகமாக அவள்தான் சிரித்தாள், கண்ணீரோடு. மாமன் மகன், முறைமாப்பிள்ளை; அண்ணனே வாயால் சொல்லிவிட்டான், அதுவும் பொங்கல் நாளில், அதுவும் சாப்பிடுகிற இலையில் உட்கார்ந்துகொண்டு. அதற்குப் பிறகு அந்த ஓட்டையை யார் ஓட்டையாகப் பார்த்தார்கள்? நிச்சயம் பண்ணின மாதிரி ஆகிவிட்டது. ஊரில் கேட்டால், “மச்சான் வச்ச அடையாளம்ல,” என்று இவள் பெருமையாகச் சொன்னாள். நர்சம்மா ஒருத்தி, கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்று சொன்னபோதுகூட, கட்டிக்கப் போகிறவனே ஒன்றும் சொல்லவில்லை, உனக்கென்ன என்று விரட்டிவிட்டாள். அப்படியே வருஷம் ஓடிற்று. பிள்ளை பெரியவளானாள், படித்தாள். மதுரையில் ஜவுளிக்கடை வேலைக்குப் போனபோது, “கவுண்டர்ல நிக்கிற பிள்ளை சிரிக்கணும்லம்மா,” என்று மேனேஜர் சொல்லி, குடோனில் சேலை மடிக்கப் போட்டார்கள். அதற்கும் கவலைப்படவில்லை, கல்யாணம் ஆனால் எதற்கு வேலை? போன ஆவணியில் வந்தது பத்திரிகை. கௌதமுக்குத் திண்டுக்கல்லில் பெண். பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே போய்க் கேட்டதற்கு அமராவதி சொன்னாள்: “நீயே சொல்லு விருமாயி, நாளப்பின்ன ஆல்பத்துல சிரிக்க வேணாமா? பல்லில்லாத பிள்ளையக் கொண்டாந்து வச்சுக்கிட்டு... அவெ ஃபிரண்ட்ஸெல்லாம் என்னான்னு கேப்பாய்ங்கள்ல.” அண்ணன் பக்கத்தில்தான் இருந்தான். கறியெலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. அந்த உறிஞ்சுகிற சத்தம்தான் பதில்.

அதைவிடக் கேவலம், அவளும் அதே பந்தியில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். இதுதான் தொண்டையில் சிக்கிக்கொண்டு இறங்காதது. ஏன் எழுந்து வரவில்லை? ஏன் அந்தப் பத்திரிகையைக் கிழித்து எலும்போடு எலும்பாகப் போடவில்லை? ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாளே. ரசம் நன்றாக இருந்தது என்று மதினியிடம் வேறு சொன்னாளே. கல்யாணத்துக்கும் போனாள். போட்டோக்காரன், “அந்த ஓரத்துல நிக்கிற அக்கா, கைய எடுங்க, கொஞ்சம் சிரிங்க,” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சுகா கையை எடுக்கவில்லை. கூட்டமே திரும்பி அவளைப் பார்த்தது. அன்றைக்குத்தான் விருமாயிக்கு இந்தத் திட்டம் உதித்தது. சபையில் பட்டதைச் சபையில்தான் திருப்ப வேண்டும். கொட்டுச் சத்தம் இப்போது பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டது. மல்லிகைப்பூ வாடையும், பின்கட்டில் கறி வேகிற வாடையும், நேத்ராவின் தலையில் தடவிய சந்தன வாடையும் ஒன்றாகக் கலந்து வந்தன. வரட்டும், வரட்டும். எதைச் சுமந்து வருகிறாய் அண்ணே? பட்டுப்பாவாடையா, கொலுசா, கிடாயா? எல்லாவற்றையும் நீயே திருப்பிச் சுமந்துகொண்டு போ. கொட்டுக்காரனுக்குக் கூலியைக் கொடுத்து, வந்த தெரு வழியாகவே திரும்பிப் போ. பஸ்ஸுக்கு நிற்கிற சனமெல்லாம் கேட்கும், என்னாச்சு, சீர் திரும்பிப் போகுது என்று. கூடப் பிறந்தவள் மடி மறுத்துவிட்டாள் என்று சொல்வார்கள். அப்படி ஒரு பேர் வாங்கினால் அதை எந்தப் பட்டுச்சட்டை போட்டும் மறைக்க முடியாது. அமராவதி முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாகத் தெரியும்.

ஆனால் பல்? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு கால் இடறிக்கொள்கிறது. காலையிலிருந்து எத்தனையோ முறை இடறியாயிற்று. தாய்மாமன் சீர்தான் இந்த விசேஷத்தின் பெருந்தொகை. பாதிக்கு மேல் அதில்தான் தேறும். மற்றவர்கள் இருநூறு, ஐநூறு என்று வைப்பதெல்லாம் பந்தல், கறி, மண்டப வாடகைக்குச் சரியாகப் போய்விடும். அவன் திரும்பினால் அவனோடு வருகிற கூட்டமும் திரும்பும். அத்தனை கவரும் சட்டைப்பையிலேயே திரும்பிப் போகும். எலும்புத்தூளும் போகும், திருகாணியும் போகும். சுகா திரும்பவும் குடோனுக்குப் போவாள். ஒரே ஒரு தடவைதான் அந்தப் பிள்ளை வாய்விட்டுக் கேட்டது, பஸ்ஸில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. “எனக்குப் பல்லு வேணும்மா.” ஐஸ் வேண்டும், ரிப்பன் வேண்டும் என்று கேட்கிற வயதில்கூட அது எதையும் கேட்டதில்லை. சரி, அப்படியென்றால் அவன் மடியிலேயே வைத்துவிடட்டுமா? வைத்தால் அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு உட்காருவான். தங்கச்சிக்கு நான் செஞ்ச செய்முறையைப் பாரு என்று போட்டோ எடுத்துக்கொள்வான். அந்தக் காசில் வைத்த பல்லைப் பார்க்கும்போதெல்லாம், “மாமன் போட்ட பல்லு,” என்று பெருமையடிப்பான். உடைத்ததும் அவனுக்குப் பெருமை, வைத்ததும் அவனுக்குப் பெருமை. இல்லை, வைக்க மாட்டேன். பல் இல்லாமல் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நானா இதைச் சொல்கிறேன், பெற்றவளா சொல்கிறேன்? எனக்கு என் மகள் பல்லைவிட அண்ணன் முகத்தில் கரி பூசுவது பெரிதாகப் போயிற்றா? ஆமாம், போயிற்று. இல்லை. ஆமாம். “என்னா, பேயடிச்ச மாதிரி நிக்கிற?” என்று புருஷன் ஒச்சப்பன் வந்து தோளைத் தட்டினான். “மச்சான் வாசலுக்கு வந்துட்டாரு. ஆலாத்தித் தட்டு எங்க? போதுராசா ஏன் இன்னும் மணையில குந்தியிருக்கான், எந்திரிக்கச் சொல்லு.” “வாரேன், போங்க,” என்றாள். நேத்ரா, “கை வலிக்குதும்மா,” என்று முனகியது. எவ்வளவு நேரமாக நெரித்துக்கொண்டிருக்கிறாளோ.

வெடித்துத் தீர்ந்த வெடிப்புகை முதலில் உள்ளே வந்தது, அப்புறம் கொட்டு, அப்புறம் தட்டுகள், ஆப்பிளும் சாத்துக்குடியும் பட்டும் பொட்டலமுமாக, அப்புறம் மாலை போட்ட கிடாய், அதற்குப் பின்னால் தவமணி. அவள் எதிர்பார்த்த அதே பட்டுச்சட்டை. ஆனால் நடை அப்பாவின் நடை, இடது காலைச் சற்று இழுத்து வைக்கிற நடை. அது ஏன் இந்த நேரம் பார்த்துக் கண்ணில் பட வேண்டும்? அமராவதி கழுத்து நிறைய நகையோடு. கௌதம் புதுப் பெண்டாட்டியோடு, அவள் உண்மையிலேயே அழகாகச் சிரிக்கிறாள், பாவம், அவள் என்ன செய்தாள். “ஏத்தா விருமா, நல்லா இருக்கியா,” என்றபடி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டான். போதுராசா நிமிர்ந்து பார்த்தான், அவன் மடி தயாராக இருந்தது, வேட்டியைத் தொடையில் தட்டி விரித்துக்கூட வைத்திருந்தான். ஒரு எட்டு. அவ்வளவுதான் தூரம். விருமாயி பிள்ளையைத் தூக்கினாள். தூக்கிய கையில் கனமே இல்லை. இப்போது, இப்போது என்று மனசு அடித்தது. அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில், “செக்கானூரணி சிட்டம்மாள் நூறு ரூபாய்,” என்று சுகாவின் குரல், இரண்டு ‘ச’விலும் காற்றுப் போய், வந்தது. விருமாயி பல்லைக் கடித்தாள். கடிக்க அவளுக்குப் பல் இருந்தது. “எந்திரிண்ணே,” என்றாள் போதுராசாவிடம். அவன் புரியாமல் பார்த்தான். “எந்திரி. தாய்மாமன் உக்காரட்டும்.” போதுராசா எழுந்தான். அவன் பார்த்த பார்வைக்கு அவள் செத்திருக்கலாம். தவமணி உட்கார்ந்தான், மீசையைத் தடவினான், அவள் நினைத்த மாதிரியே தடவினான், பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போட்டோக்காரனைத் தேடினான். தோற்றுப்போனேன் என்று விருமாயி நினைத்தாள். போதுராசாவும் பார்க்கத் தோற்றுப்போனேன். ரசம் வாங்கி ஊற்றிக்கொண்டவள் வேறு எப்படி இருப்பாள்.

ஆசாரி ஊசியைத் துடைத்து, பிள்ளையின் காதுமடலைப் பிடித்தார். “யாரும் அசையாதீங்க,” என்றார். ஸ்பீக்கர் ஒரு தடவை கீச்சிட்டு நின்றது. “எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க,” என்றாள் சுகா. பந்தியில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். “தாய்மாமன் தவமணி அவர்கள் சீரோட வந்து சேந்துட்டாங்க. இந்த விசேசம் எதுக்குன்னு எங்கம்மா யாருக்கும் சொல்லல. நான் சொல்லிர்றேன். எனக்கு முன்னாடி ரெண்டு பல்லு வைக்கணும். எங்க மாமா மகன் கௌதம் மச்சான் அடிபம்புல ஒடைச்சது. ஒடைச்சவனே கட்டிக்குவான்னு மாமா எலையில உக்காந்து சொன்னாரு. மச்சான் வேற எடத்துல கட்டிக்கிட்டாரு, நல்லாருக்கட்டும். பல்லு மட்டும் பாக்கியிருக்கு. அதுக்கு எங்க தாய்மாமன் எவ்வளவு செய்யிறாருன்னு, அவரே அவரு வாயால மைக்குல சொல்லுவாரு.” கரண்டி ஒன்று எங்கோ விழுந்தது. அமராவதி, “ஏ, என்னடி பேசுற,” என்று ஆரம்பித்து, அத்தனை கண்ணும் தன் மேல் இருப்பதைப் பார்த்து முந்தானையை இழுத்துக்கொண்டாள். திண்டுக்கல் பெண் கௌதமைப் பார்த்தாள்; கௌதம் கிடாயைப் பார்த்தான். விருமாயிக்கு நம்ப முடியவில்லை. இது எப்படி, எப்போதிருந்து, இந்தப் பிள்ளை இதை எங்கே வைத்திருந்தது? மொய்ப் பேர்களைப் படிக்கிறேன் என்று மைக்கைக் கேட்டு வாங்கியபோதேவா? வாயை மறைக்க வாங்கினாள் என்றல்லவா பெற்றவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சுகா மேஜையை விட்டு எழுந்து, மைக் ஒயரை இழுத்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்தாள். இடது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. தவமணி எழுந்திருக்கப் பார்த்தான். “அசையாதீங்க சாமி, ஊசி காதுக்குள்ள இருக்கு,” என்றார் ஆசாரி. பிள்ளை வீறிட்டுக் கத்தியபடி மாமன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. சுகா குனிந்து மைக்கை மாமன் வாய்க்கு முன்னால் நீட்டினாள். நீட்டியபடி சிரித்தாள், வாயெல்லாம் திறந்து, அந்த ஓட்டை ஊருக்கே தெரிய, அடிபம்பில் காற்று வந்த அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. “சொல்லுங்க மாமா,” என்றாள். எல்லாரும் தவமணியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் முழுக்க அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே காத்திருந்த விருமாயி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மகள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.